வார்டுக்கு வரும் நர்சிங் மாணவியரும் தொற்றுத் தடுப்பும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கல்லூரியோடு இணைந்த 150 படுக்கை மருத்துவமனையில், இரண்டாம் ஆண்டு மாணவியர் பன்னிரண்டு பேரைத் தாளும் பேனாவுமாக வார்டுகளில் நிறுத்தி, செவிலியரும் டாக்டர்களும் கை கழுவுகிறார்களா என்று ஒரு மாதம் குறித்துவரச் சொல்லியிருக்கிறார்கள். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு 94 என்று வந்தது. அந்த எண்ணை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் வார்டு சிஸ்டர்களுக்கு வந்த கோபம் நிஜமாகவே வந்தது. நேற்று வந்த பிள்ளைகள் எங்களைக் குறிப்பெடுப்பதா என்று இரண்டு வார்டுகளில் மாணவியருக்கு வேலை சொல்லித்தருவதையே நிறுத்திவிட்டார்கள். முதல்வர் இதைக் கைவிடச் சொல்கிறார். தொடரலாமா, தொடர்வதென்றால் மாணவியரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது ஆசிரியையின் கேள்வி.

டீச்சர், தொடருங்கள், ஆனால் இந்த வேலையை இப்போதைக்கு நிறுத்திவிட்டு வேறு வேலையிலிருந்து தொடங்குங்கள். பாலக்காடு மாவட்டத்து மருத்துவமனைகளில் 22 ஆண்டுகள் இருந்து, அதில் பாதிக்கு மேல் தொற்றுத் தடுப்புச் செவிலியராக நடமாடியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் செய்த பிழையை நானும் செய்திருக்கிறேன், எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது.

முதலில் அந்த 94 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வெள்ளை கோட்டும் அட்டையுமாக ஒரு பெண் வார்டின் மூலையில் நின்றால், அவள் எதற்காக நிற்கிறாள் என்பது பத்து நிமிடத்தில் துப்புரவுப் பணியாளர் வரை தெரிந்துவிடும். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் கை கழுவுவார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. குறிக்கும் மாணவியின் நடைமுறைப் பதிவேட்டில் கையெழுத்திடப்போகிறவர், குறிக்கப்படுகிற அந்த சிஸ்டர்தான். தனக்கு மதிப்பெண் போடுகிறவருக்குத் தான் மதிப்பெண் போட வேண்டிய நிலையில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண், சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘கழுவினார்’ என்றே டிக் செய்வாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாவது காரணம் தொழில் நுணுக்கம் சார்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கைச்சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொன்னது: நோயாளியைத் தொடுவதற்கு முன், நுண்ணுயிர் புகக்கூடாத செயலைத் தொடங்குவதற்கு முன், ரத்தம் முதலிய உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய செயலுக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். எழுதிப் பார்த்தால் எளிது. வார்டில் நின்று எண்ணுவது கடினம். ஒரு சிஸ்டர் மூன்றாம் கட்டிலில் இரத்த அழுத்தம் பார்த்து முடித்து, அந்தக் கட்டிலின் மருந்துச்சீட்டை எடுத்துப் படித்து, திரும்பி நான்காம் கட்டில் நோயாளியின் வென்ஃப்ளானில் (மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் செருகி வைக்கும் சிறு குழாய்) ஊசி மருந்து செலுத்துகிறார் என்று வையுங்கள். இதில் நோயாளியைத் தொட்ட பின் ஒன்று, அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒன்று, மருந்து செலுத்துவதற்கு முன் ஒன்று என்று தருணங்கள் அடுக்கி வருகின்றன. ஆனால் இடையில் ஒரே தடவை முறையாகக் கை தேய்த்தால் அவை அனைத்தும் நிறைவேறிவிடலாம். இதைக் கை கழுவ வேண்டிய ஒரு வாய்ப்பு என்று எண்ணுவதா, மூன்று என்று எண்ணுவதா என்பதில் உங்கள் பன்னிரண்டு மாணவியரும் பன்னிரண்டு விதமாக எண்ணியிருப்பார்கள். அந்த வழிகாட்டுதல், ஒப்பிடத்தக்க ஓர் எண் வர வேண்டுமானால் ஒரு பிரிவுக்கு 200 வாய்ப்புகளையாவது பார்க்க வேண்டும் என்றும், ஒரு தடவை பார்ப்பது சுமார் இருபது நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும் சொல்கிறது. பயிற்சி பெற்ற கண்ணுக்கே இருபது நிமிடத்தில் களைப்பு வந்துவிடும். நீங்கள் பிள்ளைகளை முழு ஷிஃப்டும் நிற்க வைத்திருக்கிறீர்கள்.

இனி, மாணவியரை இந்த வேலையில் ஏன் சேர்க்க வேண்டும் என்பது. ‘நாளைய செவிலியர்கள்’ என்ற மேடைப் பேச்சை விட்டுவிடுவோம். உண்மையான காரணம் சற்றுக் கசப்பானது: மருத்துவமனைக்குள் தொற்றைச் சுமந்து திரியக்கூடியவர்களில் மாணவர்களும் உண்டு. இந்த வாரம் மெடிக்கல் வார்டு, மறுவாரம் பிரசவ வார்டு, அதற்கடுத்த வாரம் ஐசியூ என்று இத்தனை வார்டுகளுக்குள் நுழைந்து வருகிறவர்கள் மருத்துவமனையில் வேறு யார்? டாக்டர்கூட தன் துறையைத் தாண்டி அவ்வளவு சுற்றமாட்டார்.

தொற்றுத் தடுப்பின் வரலாறே இங்கிருந்துதான் புறப்படுகிறது. வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்த விகிதம் நூற்றுக்குப் பத்தை ஒட்டியும், மருத்துவச்சிகள் பிரிவில் நான்கை ஒட்டியும் இருந்தது. தாய்மார்களே முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிய காலம் அது. 1847ஆம் ஆண்டு பிணப்பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி கையில் பட்டுக் கொலெட்ச்கா என்ற பேராசிரியர் இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களிடம் கண்டவற்றையே ஒத்திருந்தன. அவருடைய நண்பரான இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது: பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் மாணவர்களின் கையிலும், தன் கையிலும்தான் அந்த நஞ்சு வருகிறது. அவ்வாண்டு மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஐத் தாண்டியிருந்த இறப்பு விகிதம் ஜூனில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. இந்தக் கதையைக் கை கழுவுதலின் பெருமையாகவே வகுப்பில் சொல்கிறோம். அதில் மாணவர்களுக்கு இருந்த பங்கை எப்படியோ விட்டுவிடுகிறோம். உங்கள் முதல் வகுப்பில் அந்தப் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறரைக் கண்காணிக்க வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அத்துடன் போய்விடும்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைக்குள்தான் தொற்றியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அந்தத் தொற்றுக்கு ஆளாகிப் பிழைத்த இருவரில் ஒருவர் நர்சிங் மாணவி. மாணவி என்றால் ஓரமாக நின்று பார்க்கிறவள்தானே என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேட வேண்டியதில்லை.

எனவே மாணவியரிடம் வேலை கேட்பதற்கு முன்னால் அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டதா என்று பாருங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை, அதாவது தொடக்கம், ஒரு மாதம், ஆறு மாதம் என்ற கணக்கில், வார்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி-யூனிட்டுக்குக் குறைந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். பல கல்லூரிகள் தடுப்பூசியைப் போட்டுச் சான்றிதழை ஃபைலில் வைத்துவிட்டு, இந்த ரத்தப் பரிசோதனையை மறந்துவிடுகின்றன.

ஊசிக்குத்து இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடியை மாட்டப்போன ஒரு மாணவிக்கு ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. விரலைப் பிதுக்கி ரத்தம் எடுத்திருக்கிறாள், டெட்டால் ஊற்றியிருக்கிறாள், ஹாஸ்டலுக்குப் போய் அழுதிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் கூட இருந்த பெண் வந்து என்னிடம் சொன்னாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டபோது அவள் சொன்ன காரணம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “மூடி போடக் கூடாதுன்னு சொல்லியும் போட்டேன், திட்டுவாங்க சிஸ்டர்.” பிதுக்குவதும் டெட்டால் ஊற்றுவதும் தவறு, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். அதைவிட முக்கியம் நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டிய நிலை இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவள் முப்பது மணி நேரத்தைத் திட்டுக்குப் பயந்தே கழித்திருந்தாள். நோயாளியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது, தப்பித்தோம். அதற்குப் பிறகு ஊசிக்குத்தைத் தெரிவிக்கிறவரிடம் முதல் நாள் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எப்படிக் குத்தியது என்பதை நான்காம் நாள் கேட்போம். உங்கள் கல்லூரியில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாணவிக்கு ஊசி குத்தினால் அவள் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து முதலில் அதைச் செய்யுங்கள்.

வருகைப்பதிவு விதியையும் ஒரு கண் பாருங்கள். சின்னம்மையோ சொறிசிரங்கோ கடுமையான இருமலோ உள்ள மாணவி லீவு எடுத்தால் வருகை குறைந்து தேர்வு எழுத முடியாது என்றால் அவள் வார்டுக்கு வந்தே தீருவாள். அந்த விதியை அப்படியே விட்டுவிட்டுத் தொற்றுத் தடுப்பைப் பற்றி அவளிடம் பேசுவதில் அர்த்தமில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் மாணவியர் ஆட்களைப் பார்க்க வேண்டாம், பொருள்களைப் பார்க்கட்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கை துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டா, ஹேண்ட் ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் சாராயக் கரைசல்) பாட்டில் கட்டில் காலில் மாட்டியிருக்கிறதா, அதை அழுத்தினால் மருந்து வருகிறதா, வென்ஃப்ளான் பிளாஸ்டரில் போட்ட தேதி எழுதியிருக்கிறதா, யூரின் பேக் தரையைத் தொடுகிறதா, ஊசி போடக் கூடாத சிவப்புக் கூடையில் ஊசி கிடக்கிறதா. இவை எல்லாம் ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்கவை. யாருடைய பெயரும் வேண்டியதில்லை. பொருள்களைப் பார்ப்பதால் எந்த சிஸ்டருக்கும் கோபம் வராது. வார்டுக்குப் புதிதாக வருகிறவரின் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு. பதினைந்து ஆண்டு அதே வார்டில் இருக்கும் எங்களுக்கு உடைந்த குழாய் கண்ணில் படாது; அது அங்கே எப்போதும் அப்படித்தான் இருந்தது. மாணவிக்கு அது இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்தக் கண் ஆறு மாதத்தில் பழகிவிடும், அதற்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வாளையாறு பக்கமிருந்து கணவாய் வழியாக அடிக்கும் காற்று உங்களுக்குப் புதிதல்ல. ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் மருந்து ட்ரே மீது மண் படியும், உதடும் கையும் வெடித்துப்போகும். அந்த மாதம் ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஹேண்ட் ரப் செலவு சரிபாதியாகக் குறைந்திருந்தது. கை கழுவுவதில் அக்கறையில்லை என்று எங்கள் கமிட்டியில் தீர்மானமே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, எருத்தேன்பதிப் பெண், ஒவ்வொரு கட்டிலின் பாட்டிலையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாள். எட்டாம் கட்டிலில் பாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பின்னால் இருந்தது, கை எட்டாது. அதை எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு பாட்டிலிலிருந்து தன் கையில் எடுத்துத் தேய்த்தவள் ‘ஸ்ஸ்’ என்று கையை உதறினாள். விரல் இடுக்கு முழுக்க வெடிப்பு, அதில் சாராயம் பட்டால் எரியாதா? பக்கத்திலிருந்த சிஸ்டரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே வெடிப்பு. பழைய ஸ்டோர் பதிவேட்டைப் புரட்டியபோது, டிசம்பரிலிருந்து வேறு கம்பெனி ரப் வாங்கியிருந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் 10 லிட்டருக்கு 145 மில்லி கிளிசரால் சேர்ப்பது சும்மா இல்லை. தோல் காய்ந்து வெடிக்காமல் காப்பதற்குத்தான். பழைய ரப் திரும்ப வந்தது, இரவு டியூட்டி மேஜையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று வைத்து டியூட்டி முடிந்ததும் தடவிக்கொள்ளச் சொன்னோம், மாசி பிறப்பதற்குள் செலவு பழைய அளவுக்கு வந்தது. கை கழுவாதவர்களை எண்ணிக்கொண்டிருந்திருந்தால் இந்த விஷயம் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

வென்ஃப்ளானும், சிறுநீர் வடியப் போடும் குழாயான யூரின் கதீட்டரும் மாணவியருக்கென்றே அமைந்த வேலை என்பேன். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், ஊசி போட்ட இடத்தில் சிவப்போ வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று பார்த்து, இந்த வென்ஃப்ளான் இன்றைக்குத் தேவையா என்ற ஒரே கேள்வியை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் கேட்க வேண்டும். கதீட்டருக்கும் அதே கேள்விதான். நரம்பு வழி மருந்து நின்று இரண்டு நாள் ஆன பிறகும், எடுக்கச் சொல்ல மறந்ததால் கையில் தொங்கும் வென்ஃப்ளான்கள் எந்த வார்டிலும் இருக்கும். தேவையில்லாத குழாயை ஒரு நாள் முன்னால் எடுப்பது போலத் தொற்றைத் தடுக்கும் எளிய வழி வேறில்லை. மாணவி தானே எடுக்கக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். முதல் வாரம் டாக்டர்கள் எரிச்சலடைவார்கள். இரண்டாம் வாரத்தில் அவர்களே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது, எல்லைப்புறத்து மருத்துவமனைக்கே உரிய ஒரு வேலை. உங்கள் நோயாளிகளில் பலர் முதலில் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போய், அங்கே ஐசியூவில் பத்து நாள் படுத்து, பணம் தீர்ந்த பிறகு இங்கே வருகிறவர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் அவர்களோடு வரலாம். சேர்க்கை நேரத்தில், கடந்த சில மாதங்களில் வேறு எந்த மருத்துவமனையில் தங்கினார், என்ன ஆன்டிபயாட்டிக் போட்டார்கள், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் சேர்க்கைப் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு பழைய துணிப்பைக்குள் மடித்துக் கிடக்கிறது. கூட வந்த மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டியூட்டி சிஸ்டர் கோட்டயத்துக்காரர் என்றால் இருவரும் சைகையில் பேசிக்கொள்ள வேண்டியதுதான். தமிழ் பேசும் எல்லை ஊர்களான வேலந்தாவளத்திலிருந்தோ வடகரப்பதியிலிருந்தோ வரும் உங்கள் மாணவி அந்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து “பெரியம்மா, அங்க குடுத்த சீட்டு கையில வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பை திறக்கும்.

கூட இருப்பவர்களிடம் பேசும் வேலையும் இப்படித்தான். கேரளத்தில் ‘கூட்டிரிப்புக்காரர்’ என்று போர்டு எழுதுகிறார்கள், நம் பேச்சில் பைஸ்டாண்டர் என்றே ஆகிவிட்டது. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவது, உடம்பு துடைப்பது, யூரின் பேக்கைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் வரை நடத்திச் செல்வது எல்லாம் அவர்கள்தான். அப்படி நடக்கும்போது பேக்கை நோயாளியின் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பார்கள். மரியாதைக்காகத் தூக்குகிறார்கள், ஆனால் பையிலிருந்த சிறுநீர் திரும்பி உள்ளே போகிறது. இடுப்புக்குக் கீழே பிடியுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு பெண் கையோடு பிடித்துக் காட்டினால் மறக்கமாட்டார்கள். அங்கே மாணவியர் பேசும் மொழியைக் கவனியுங்கள். ‘கைச்சுகாதாரம் பேணவும்’ என்று புத்தகத் தமிழில் ஒப்பித்தால் அந்தம்மா தலையாட்டிவிட்டு அப்படியே இருப்பார்.

மருத்துவக் கழிவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2016 விதிகளின்படி எந்தக் கழிவு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவற்றில் எதில் போகும் என்பது உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஒன்று மட்டும் சொல்வேன்: பாலக்காட்டில் இந்திய மருத்துவ சங்கம் நடத்தும் ‘இமேஜ்’ கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி வாங்கி ஒரு நாள் அழைத்துப் போங்கள். சிவப்புப் பையில் தவறிப் போட்ட ஊசி அங்கே பையைக் கையாளும் தொழிலாளியின் கைக்கு வந்து சேரும் என்பது புரிந்தால், போஸ்டர் தேவைப்படாது.

எதைச் செய்தாலும் அதன் முடிவு திரும்பி வர வேண்டும். மாணவியர் எழுதிய தாள் கல்லூரி அலமாரிக்குப் போனால் அது அவர்களுக்கு இன்னொரு அசைன்மென்ட், அவ்வளவுதான். மூன்றாம் வாரத்திலிருந்து ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து நிரப்பிவிடுவார்கள். நிரப்பினால் தப்பும் இல்லை என்பேன், யாரும் படிக்காத தாளுக்கு அது போதும். தாளை முதலில் பார்க்க வேண்டியவர் அந்த வார்டு சிஸ்டர். முதல்வரோ சூப்பரின்டென்டென்டோ அதற்குப் பிறகு. வெள்ளிக்கிழமை மதியம் மாணவி சிஸ்டரோடு உட்கார்ந்து, இந்த வாரம் கண்டது இவை, இதில் நீங்களே சரிசெய்யக்கூடியது எது, மேலே சொல்ல வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளட்டும். சோப்பில்லாத குழாய் அடுத்த வாரத்துக்குள் சரியானால் அந்த சிஸ்டர் மாணவியின் பக்கம் வந்துவிடுவார். ஏனெனில் ஓராண்டாக அவர் எழுதிப் போட்டும் நடக்காதது இப்போது நடந்திருக்கிறது. தொற்றுத் தடுப்புக் கமிட்டியில் மாணவியர் பிரதிநிதி ஒருவருக்கு இடம் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்காக இல்லை, கண்டதைச் சொல்வதற்காக.

இதெல்லாம் பாடத்துக்கு வெளியே கூடுதல் சுமை என்று முதல்வர் சொன்னால், 2021இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலைத் தொற்றுக் கட்டுப்பாட்டோடும் பாதுகாப்போடும் சேர்த்தே ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். மருத்துவமனை நிர்வாகத்துக்கு வேறொரு கணக்கைக் காட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, நம்மைப் போன்ற நாடுகளின் மருத்துவமனைகளில் சேரும் நூறு பேரில் 15 பேருக்கு மருத்துவமனையிலேயே ஏதாவது ஒரு தொற்று வருகிறது என்கிறது. பணக்கார நாடுகளில் அது 7. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக மாணவியரை நிறுத்த நிர்வாகம் ஆசைப்படும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வார்டைத் துடைப்பதும், மருத்துவமனைத் தூய்மைக்கு மதிப்பெண் போடும் காயகல்ப் திட்டத்தின் மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பதிவேடு எழுதி முடிப்பதும் மாணவியரின் தொற்றுத் தடுப்புப் பணி ஆகாது. அந்தக் கடைசி வேலையைச் செய்யச் சொல்லி நானும் ஒரு காலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சில இடங்கள் அவர்களுக்குக் கூடாது. சளியில் காசநோய்க் கிருமி உள்ளவர்கள் இருக்கும் அறை, காரணம் தெரியாத மூளைக்காய்ச்சலோடு வந்தவரின் கட்டில், சளி உறிஞ்சுவது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது போன்ற நேரங்கள் ஆகியவற்றில், என்-95 மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்காத மாணவி வாசலைத் தாண்டக் கூடாது. அதேபோல் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கண்ட பெயரும் கட்டில் எண்ணும் ஹாஸ்டல் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

கை கழுவுவதை எண்ணும் வேலைக்கு நான்காம் மாதம் திரும்பி வாருங்கள். அதற்கு முன் மாணவியர் தங்கள் கையையே ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒளிரும் பசையைத் தடவிக் கழுவச் சொல்லி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால், கட்டைவிரலும் நகக்கண்ணும் விரல் நுனியும் அப்படியே மின்னும். பிறகு இரண்டு இரண்டு பேராக ஒரே காட்சியைப் பார்த்துத் தனித்தனியே குறித்து, இருவர் தாளும் ஒத்துவரும் வரை பழகட்டும். தங்கள் கல்லூரி சிஸ்டர்களை அவர்கள் எண்ண வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவியரை இரண்டாம் ஆண்டினரும், இரண்டாம் ஆண்டினரை மூன்றாம் ஆண்டினரும் எண்ணட்டும். சிஸ்டர்களையும் டாக்டர்களையும் எண்ணுவது தொற்றுத் தடுப்புச் செவிலியரின் வேலை, அதை அவருக்கே விட்டுவிடுங்கள். எண் நாற்பது என்று வந்தால் பதற வேண்டாம். 94ஐவிட அது உங்களுக்கு உதவும்.

முதல்வரிடம் ஆறு மாதமும் ஒரே ஒரு வார்டும் கேளுங்கள். ஐசியூ வேண்டாம், அங்கே ஏற்கெனவே எல்லோரும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் மெடிக்கல் வார்டைக் கேளுங்கள். கோபித்துக்கொண்ட அந்த இரண்டு வார்டு சிஸ்டர்களில் மூத்தவரிடம் நீங்களே நேரில் போய், பிள்ளைகளை நிறுத்தியது உங்கள் யோசனை, அவர்கள்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். அவருடைய வார்டில் எந்தக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாணவியரின் முதல் தாளில் முதல் வரியாக அந்தக் குழாயே இருக்கட்டும்.